பரிசு காட்டி ஊக்குவிப்பது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் கடை, கெஸ்ட் ஹவுஸ், ரியூசன் வகுப்பு, வள்ளம் என்று நாலு பேரை வைத்து வேலை செய்விக்கிறவர்களும், பிள்ளையைப் படிக்க வைக்கப் பாடுபடுகிற பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கும் சம்பளப் பட்டியலும் எழுதுவது என் தொழில். அதனால் இவை பெரும்பாலும் மாதக் கடைசியில், காசு எண்ணும் மேசையில் வைத்துத்தான் என்னிடம் வரும். அங்கே சுருக்கமாகச் சொல்வதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஊக்குவித்தல் என்றால் அதில் பரிசோ காசோ கட்டாயம் இருக்க வேண்டுமா?

பொதுப் பேச்சில் வேண்டியதில்லை. "நல்லாச் செய்திருக்கிறாய் தம்பி" என்று தோளில் தட்டினாலும் அது ஊக்குவிப்புத்தான். ஆனால் வேலை, வியாபாரம், சுற்றறிக்கை என்று வரும்போது சொல் இறுகிவிடுகிறது: இன்ன வேலையை இன்ன அளவுக்குச் செய்தால் இன்னது கிடைக்கும் என்று முதலிலேயே சொல்லி, அந்தப் பலனை முன்னால் வைத்து ஆளை நகர்த்துவது. முன்கூட்டிய வாக்கு, நிபந்தனை, பலன் மூன்றும் இருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு மனம் குளிர்ந்து கொடுப்பது அன்பளிப்பு, அதுவும் நல்லதுதான், ஆனால் அது வேறு.

ஆங்கிலத்தில் இதற்கென்றே உள்ள இன்சென்டிவைஸ் என்ற வினைச்சொல் 1968 அளவில்தான் எழுத்தில் வருகிறது. காரியம் அதைவிட மிகப் பழையது. கரைவலை இழுத்தவனுக்கு மீனில் பங்கு என்ற ஏற்பாடு எங்கள் கடற்கரையில் இருக்கும்போது இதை நமக்கு வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: கடிதத்திலும் அறிவித்தலிலும் எப்படி எழுதுவது?

"ஊழியர்களை ஊக்குவிக்க" என்று எழுதுங்கள். "ஊழியர்களுக்கு ஊக்குவிக்க" பிழை. "ஊழியர்களுக்கு ஊக்கமளிக்க" சரி. ஆளை மட்டுமல்ல, செயலையும் ஊக்குவிக்கலாம்: சேமிப்பை, முதலீட்டை, வாசிப்பை. ஊக்கப்படுத்துவது என்றால் வாயால் தைரியம் சொல்வது போலத்தான் முதலில் படும், பணத்தை நினைக்க மாட்டார்கள். "தூண்ட" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், ஆளைத் தூண்டிவிட்டான் என்று நாம் சண்டைக்கும் கலகத்துக்கும்தானே சொல்கிறோம். "ஆசை காட்டி" என்று எழுதினால் ஏமாற்றப் போகிறீர்கள் என்றே வாசிக்கிறவர் நினைப்பார்.

காசாகக் கொடுப்பதை நமது அலுவலகங்களில் ஊக்குவிப்புக் கொடுப்பனவு என்பார்கள். கடையில் எல்லாரும் இன்சென்டிவ் என்றே சொல்கிறார்கள், எது வேண்டுமானாலும் எழுதுங்கள். முக்கியம் நிபந்தனை. "சிறப்பாகச் செயற்படுவோர் ஊக்குவிக்கப்படுவர்" என்று சுவரில் ஒட்டினால் அதனால் ஒரு பயனும் இல்லை, எது சிறப்பு என்று முதலாளிக்கு மட்டும்தானே தெரியும்? "மாதத்தில் ஒரு நாளும் பிந்தாமல் கடை திறப்பவருக்கு மாதக் கடைசியில் 3,000 ரூபாய்" என்று எழுதிப் பாருங்கள், யாரும் வந்து விளக்கம் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: போனஸ், கொமிசன், சந்தோசம், கைவிசேஷம் எல்லாம் ஒன்றுதானே?

கையில் வருவது காசுதான், ஆனால் வருகிற வழி வேறு வேறு. கொமிசன் விற்றதற்கு ஏற்ப வருவது, அதனால் அது நேரடி ஊக்குவிப்பு. சந்தோசம் வாடிக்கையாளர் விரும்பிக் கொடுப்பது, அதில் முதலாளிக்கு வாக்கும் இல்லை, உரிமையும் இல்லை. வருஷப்பிறப்புக்குக் கொடுக்கிற கைவிசேஷம் முற்றிலும் வேறு. சுபநேரம் பார்த்து, வெற்றிலையோடு, வேலை செய்கிறவர் செய்யாதவர் என்று பார்க்காமல் வீட்டிலும் கடையிலும் கொடுப்பது. அதற்கு நிபந்தனை போடவே கூடாது. "போன மாதம் லீவு கூட எடுத்தாய், அதனால் உனக்குக் கைவிசேஷம் குறைவு" என்று ஒரு வருஷப்பிறப்பு அன்று சொல்லிப் பாருங்கள், அந்த ஆள் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

போனஸ் இரண்டு விதமாகவும் இருக்கும். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நத்தாருக்கும் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கொடுப்பது வழமை. லாபத்தையோ இலக்கையோ வைத்துக் கொடுத்தால் அது ஊக்குவிப்பு. எதைச் செய்கிறீர்கள் என்று நீங்களே தெளிவாக இருந்தால் போதும்.

கேள்வி: சம்பளம் கொஞ்சம் குறைவாக வைத்து மீதியை இன்சென்டிவ் ஆகக் கொடுக்கலாமா?

வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடிச் சம்பளம் வாழப் போதாத இடத்தில் ஊக்குவிப்பு என்பது ஊக்குவிப்பாகவே இருக்காது, பயமாக மாறிவிடும். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்ந்தது. முதலில் அந்த அடியைச் சரியாக நிரப்புங்கள். அதற்கு மேலே உள்ளதைப் பற்றித்தான் இந்தப் பக்கமே.

மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் சம்பளக் கணக்கைப் பாருங்கள். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளொன்றுக்கு 730 ரூபாய் என்று சொன்னார்கள். அதில் அடிப்படை 500 தான். வரவுக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப் பங்கு 30. வரவுக் காசு எடுக்க வேலை கொடுத்த நாட்களில் 75 சதவீதம் வந்திருக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போனது, மழை என்று மாதத்தில் ஏழெட்டு நாள் தவறினால் கணக்கில் இருந்த காசு கைக்கு வராது. 2019 ஒப்பந்தத்தில் வரவுக் காசையும் உற்பத்திக் காசையும் எடுத்துவிட்டு அடிப்படையை 700 ஆக்கி, விலைப் பங்கு 50 சேர்த்து 750 ஆக்கினார்கள். 730 க்கும் 750 க்கும் இடையில் 20 ரூபாய்தான் வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் நிச்சயமான பகுதி 500 இலிருந்து 700 ஆனது. மாதக் கடைசியில் அரிசிக் கடைக் கணக்கை அடைக்கிறவருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

கேள்வி: உண்மையில் இது பலன் தருமா?

வேலையை எண்ண முடிந்தால், அந்த எண்ணிக்கை வேலை செய்கிறவரின் கையிலேயே இருந்தால், நன்றாகத் தரும். அமெரிக்காவில் வாகனக் கண்ணாடி மாற்றுகிற சேஃப்லைட் நிறுவனம் 1994, 1995 இல் மணிக் கணக்குச் சம்பளத்திலிருந்து பூட்டிய கண்ணாடிக்கு இவ்வளவு என்ற முறைக்கு மாறியபோது ஒரு ஆள் செய்த வேலை 44 சதவீதம் கூடியது. எட்வர்ட் லேசியர் என்ற பொருளியலாளர் அதைக் கணக்கிட்டு 2000 இல் எழுதினார். அந்தக் கூட்டலில் பாதியளவுதான் இருந்த ஆட்கள் கூட வேலை செய்ததால் வந்தது. மீதியில் பெரும்பகுதி, கெட்டிக்காரர் விட்டுப் போகாமல் நின்றதாலும் புதிதாக வந்து சேர்ந்ததாலும் வந்தது. இன்னொன்றையும் அங்கே கவனித்தார்கள்: கண்ணாடியைப் பிழையாகப் பூட்டினால் அதே ஆள் தன் நேரத்திலேயே திரும்பப் பூட்ட வேண்டும். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் அவசரத்தில் உடைத்த கண்ணாடிகள்தான் குவிந்திருக்கும்.

நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நிலாவெளிப் பக்கம் விடியற்காலை கரைவலை இழுக்கிற இடத்தில் போய் நின்று பாருங்கள். வள்ளம் அரை வட்டமாக வலையை விட்டுவந்த பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து, இடுப்பில் பட்டியை மாட்டி, பின்னால் சாய்ந்து சாய்ந்து இழுக்கிறார்கள். யாரும் நின்று விரட்டுவதில்லை. வலையின் மடி, மீன் சேருகிற பை, கரைக்குக் கிட்ட வரவர, தண்ணீர் வெள்ளையாகக் கொதிக்கிற மாதிரி மீன் துள்ளத் தொடங்கினால், இழுக்கிற வேகம் தானாகக் கூடுகிறது, சும்மா பார்த்துக்கொண்டு நின்றவனும் ஓடிப்போய்க் கயிற்றில் கை வைக்கிறான். காரணம் பங்கு. பொதுவாகச் செலவு கழித்துப் பாதியளவு வலை முதலாளியான சம்மாட்டிக்கும் வலைக்கும் போக, மீதி இழுத்தவர்களுக்குள் பிரியும், இடத்துக்கு இடம் கணக்கு மாறும். வலையில் வந்தது எல்லார் கண்ணுக்கும் முன்னால் மணலில் கிடக்கிறது, ஏலம் எல்லார் காதுக்கும் கேட்கிறது, அன்றைக்கே காசு. ஒளிவு மறைவு கிடையாது. நல்ல ஊக்குவிப்புக்கு இதைவிட வேறு இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

அதிலும் ஒரு குறை இருக்கிறது. மீன் படாத நாளில் உழைத்தவனுக்கும் ஒன்றுமில்லை. முழு வருமானத்தையும் பங்கில் விட்டால் கடல் பொய்க்கிற மாதத்தில் கடன்தான் மிஞ்சும். கடலுக்குக் கட்டளையிட முடியாது, அதனால் அதன் நட்டத்தை வேலையாள் தலையில் மட்டும் கட்டக்கூடாது.

கேள்வி: எதற்குக் கொடுப்பது என்று எப்படித் தீர்மானிப்பது?

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான கேள்வி. நீங்கள் எதை எண்ணுகிறீர்களோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும். நீங்கள் மனதுக்குள் விரும்பியது கிடைக்காது.

1902 இல் ஹனோயில் பிரெஞ்சு ஆட்சியாளர்கள் பிளேக் நோய்க்குப் பயந்து எலி பிடிக்கக் காசு கொடுத்தார்கள். முழு எலியைக் கொண்டுவரச் சொல்வது கஷ்டம் என்று வாலைக் கொண்டுவந்தால் போதும் என்றார்கள். கொஞ்ச நாளில் நகரத்தில் வால் இல்லாத எலிகள் ஓடித் திரிந்தன, வாலை வெட்டிவிட்டு எலியைக் குட்டி போட விட்டுவிட்டார்கள். நகர ஓரத்தில் எலி வளர்க்கவே தொடங்கிவிட்டார்கள். அது பழங்கதை என்று விட முடியாது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு எத்தனை கணக்கு விற்றீர்கள் என்று இலக்கு வைத்து ஊழியர்களை நெருக்கியதில், ஆட்களுக்குத் தெரியாமலேயே இருபது லட்சம் வரையான கணக்குகளும் கார்டுகளும் திறக்கப்பட்டது 2016 இல் வெளியே வந்தது. 185 மில்லியன் டொலர் தண்டம், 5,300 பேர் வரையில் வேலை நீக்கம்.

உப்புவெளி கெஸ்ட் ஹவுஸ்களிலும் இதே விஷயம் சின்ன அளவில் நடக்கிறது. இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய் என்று முதலாளி அறிவிப்பார். நோக்கம் நல்லது, விருந்தாளியை நன்றாகக் கவனிக்கட்டும் என்பதுதான். ஆனால் எண்ணப்படுவது கவனிப்பு அல்ல, நட்சத்திரம். காலைச் சாப்பாட்டு மேசையில் ஜேர்மன்காரரின் முட்டைப்பொரியல் ஆற ஆற, பக்கத்தில் நின்று போனை நீட்டி "சேர், பிளீஸ், ஃபைவ் ஸ்டார்" என்று கெஞ்சுகிற தம்பியைப் பார்க்க எனக்கு மனம் கஷ்டப்படும். அவன்மேல் பிழையே இல்லை. அவனுக்குச் சொன்னதை அவன் செய்கிறான். அறை இரண்டு மணிக்கு முன் துப்புரவாகத் தயாரா, போன மாதம் வந்தவர் திரும்ப வந்தாரா என்று பார்த்துக் கொடுங்கள். நட்சத்திரம் பின்னால் வரும்.

எதைக் கொடுக்கத் தொடங்கும் முன்பும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்தக் காசை, நான் விரும்புகிற வேலையைச் செய்யாமலே ஒருவர் எடுக்க முடியுமா? முடியும் என்றால் விதியை மாற்றுங்கள், ஆளைத் திட்டாதீர்கள்.

கேள்வி: விருந்தாளியைக் கூட்டிவருகிற ஆட்டோ அண்ணன்மாருக்கு கொமிசன் கொடுப்பது சரியா?

சுற்றுலா ஊர் எங்கும் இருக்கிற வழக்கம்தான், கொடுப்பது தவறில்லை. ஆனால் தொகை பெரிதாகும்போது அண்ணனுக்கு உங்கள் அறை நல்லதா என்பது முக்கியமில்லாமல் போய்விடும், எங்கே கூடக் கிடைக்கும் என்பதே முக்கியமாகும். அடுத்த தெருவில் முன்பதிவு செய்துவிட்டு ரயிலில் வந்து இறங்கிய பிள்ளைகளிடம் "அந்த இடம் பூட்டிவிட்டார்கள்" என்று சொல்லித் திருப்பிக் கொண்டுவருவது அப்படித்தான் தொடங்குகிறது. நாளைக்கு உங்கள் விருந்தாளியையும் அதே போலத் திருப்புவார்கள். அறை வாடகையில் சதவீதம் கொடுப்பதைவிட, சின்னதாக ஒரு நிலையான தொகையும், உங்கள் விருந்தாளிகளைக் கன்னியா, கோணேஸ்வரம், புறாத்தீவுப் படகுத்துறை என்று கூட்டிப்போகிற ஓட்டங்களை அந்த அண்ணனுக்கே கொடுப்பதும் நீண்ட நாள் உறவாக நிற்கும்.

கேள்வி: சேர்விஸ் சார்ஜையும் சந்தோசப் பெட்டியையும் எப்படிப் பிரிப்பது?

பில்லில் போடுகிற 10 சதவீதம் வேலையாட்களுக்கென்றே வாங்கப்படுவது என்று விருந்தாளி நம்பிக் கொடுக்கிறார், அதை முழுதாக அவர்களிடம் சேருங்கள். பிரிப்பதற்குப் புள்ளி முறை நல்லது: பழைய ஆள், புது ஆள், முழுநேரம், அரைநேரம் என்று புள்ளி போட்டு, கணக்கைக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். குசினிக்குள் அடுப்போடு நிற்கிற அக்காவை விருந்தாளி கண்ணால் காண்பதே இல்லை, அவருக்குச் சந்தோசம் யாரும் கொடுக்கப் போவதில்லை. பெட்டி பொதுவாக இல்லாவிட்டால் முன்னால் நிற்கிறவருக்கு எல்லாம், பின்னால் நிற்கிறவருக்கு வெறும் வியர்வை. பெட்டியை எல்லாரும் நிற்கும்போது திறக்க வேண்டும். தொகை சின்னதாக இருந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், மூடிய கதவுக்குள் எண்ணினால் பெரிய தொகைக்கும் சந்தேகம் வரும்.

கேள்வி: ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவா, எல்லாருக்கும் சேர்த்தா?

ஒருவர் வேலை இன்னொருவர் வேலையைத் தொடாவிட்டால் தனியாக. தையல், பெயின்ற் அடித்தல் மாதிரி. ஒருவரில் ஒருவர் தங்கியிருக்கிற வேலைக்குச் சேர்த்து. புடவைக் கடையில் தனிக் கொமிசன் வைத்தால் வாசலில் வந்த அம்மாவை மூன்று பேர் மூன்று பக்கம் இழுப்பார்கள், மடித்து வைக்கிற வேலைக்கு ஒருவரும் இருக்க மாட்டார்.

கேள்வி: வாடைக் காலத்தில் ஆட்கள் விட்டுப் போகிறார்கள். அடுத்த சீசனுக்குத் திரும்பி வர என்ன கொடுப்பது?

இங்கே கடல் அடங்கி வெள்ளைக்காரர் வருகிற காலம் ஏப்ரல், மே தொடங்கி செப்டெம்பர் வரை. நவம்பரில் வாடை மழை பிடித்தால் அறைகள் வெறிச்சோடிவிடும். பழகிய ஆள் அந்த மூன்று நாலு மாதத்தில் கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விட்டால் அடுத்த வருஷம் புது ஆளுக்கு விரிப்பு விரிக்கிறதிலிருந்து பழக்க வேண்டும். இதற்கு நான் கண்ட நல்ல வழி இரண்டு. சீசன் முழுவதும் சேர்விஸ் சார்ஜில் ஒரு பகுதியை அவர்கள் சம்மதத்தோடு ஒதுக்கி, மழை மாதங்களில் மாதாமாதம் கொடுப்பது ஒன்று, அது அவர்கள் காசு, அதை நீங்கள் பிடித்து வைத்து மிரட்டக்கூடாது. மற்றது, திரும்பி வந்து முதல் மாதம் முடித்தவருக்கு உங்கள் பணத்தில் ஒரு தொகை. இதை ஒக்டோபரிலேயே கடிதமாக எழுதிக் கையில் கொடுங்கள். வாய்ப் பேச்சை மழை கழுவிவிடும்.

கேள்வி: ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பாஸ் பண்ணினால் சைக்கிள் வாங்கித் தருவேன் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். நல்லதா?

சொன்னால் வாங்கிக் கொடுங்கள், அதில் மாற்றமில்லை. ஆனால் இப்படி வைப்பதில் இரண்டு சிக்கல் இருக்கிறது.

ஒன்று, தேறுவதற்கு எடுக்க வேண்டிய வெட்டுப்புள்ளி பத்து வயதுப் பிள்ளையின் கையில் இல்லை. எப்படி அங்கே போவது என்றும் முழுதாகத் தெரியாது. அமெரிக்காவில் ரோலண்ட் ஃபிரையர் என்ற பொருளியலாளர் பல நகரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்துப் பார்த்து 2011 இல் முடிவை எழுதினார். நியூயோர்க்கிலும் சிக்காகோவிலும் பரீட்சைப் புள்ளிக்கும் பெறுபேறுக்கும் காசு கொடுத்ததில் படிப்பு முன்னேறவில்லை. டலஸில் ஒரு புத்தகம் வாசித்தால் 2 டொலர் என்று கொடுத்ததில் வாசித்து விளங்குகிற திறன் கூடியது. புத்தகத்தை எடுத்து வாசிப்பது பிள்ளையால் இன்றைக்கே செய்ய முடிந்த காரியம். அதனால் பரிசு வைப்பதென்றால் பெறுபேற்றுக்கு வைக்காமல் செய்கிற வேலைக்கு வையுங்கள்: இந்தக் கிழமை ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒரு வினாத்தாள் செய்து, பிழைத்ததை அப்பாவோடு இருந்து திருத்தினால் ஞாயிற்றுக்கிழமை முத்தவெளி மைதானத்தில் கிரிக்கெட்.

மற்றது, ஏற்கெனவே ஆசையாகச் செய்கிறதற்குப் பரிசு காட்டினால் ஆசை போய்விடும். 1973 இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வரைவதில் விருப்பமான பாலர் பள்ளிப் பிள்ளைகளை எடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு வரைந்தால் தங்க நிற முத்திரையும் ரிபனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முதலிலேயே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல் பிறகு திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து மேசையில் பேனைகளைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தபோது, வாக்குக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதியளவு நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கிய பிள்ளைகளுக்கு அப்படி நேரவில்லை.

ஆகவே மகள் தானாகக் கதைப்புத்தகம் எடுத்து வாசிக்கிறாள் என்றால் அதற்குக் கூலி பேசாதீர்கள், கூட இருந்து "பிறகு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். கணக்குப் பாடத்தைக் கண்டால் ஓடுகிற பிள்ளைக்கு ஆரம்பத்தில் சின்னப் பரிசு வைக்கலாம், அது கதவைத் திறக்க உதவும். இன்னொன்று, பரீட்சைக்குப் பிறகு தவறிப்போன பிள்ளையின் வீட்டில் அந்தச் சைக்கிள் வராத இடம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வருஷம் பாடுபட்ட பிள்ளைக்கு நாலு புள்ளி குறைந்ததற்காக மறுக்கிற சைக்கிள் அந்தப் பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுக்கும்?

கேள்வி: ரியூசன் வகுப்பில் முதலாவதாக வருகிறவருக்கு மாதாமாதம் பரிசு கொடுக்கிறேன். தொடரலாமா?

நாற்பது பேர் வகுப்பில் அந்தப் பரிசுக்கு உண்மையில் ஓடுகிறவர் நாலைந்து பேர்தான், மற்றவர்களுக்கு அது தங்களுக்கு இல்லை என்று இரண்டாம் மாதமே தெரிந்துவிடும். போன மாதத்தைவிடத் தன் புள்ளியைக் கூட்டியவருக்குக் கொடுங்கள். 35 இலிருந்து 50 க்கு வந்த பிள்ளையின் பேரை வகுப்பில் சொல்லிக் கையில் ஒரு பேனை கொடுத்துப் பாருங்கள், பேனை 40 ரூபாய்ப் பேனையாக இருந்தாலும் சரி.

கேள்வி: பரிசுக்குப் பதிலாகத் தண்டம் போட்டால் என்ன? பிந்தி வந்தால் 200 ரூபாய் வெட்டு.

தண்டம் சில வேளை விலையாக மாறிவிடும். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் பிள்ளைகளை நேரத்துக்கு வந்து கூட்டிப்போகாத பெற்றோருக்குச் சில பகல் பராமரிப்பு நிலையங்கள் 10 ஷெக்கல் தண்டம் போட்டன. பிந்துகிறவர் தொகை குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கானது. முன்பு ஆசிரியை காத்திருப்பாரே என்ற கூச்சம் இருந்தது. தண்டம் வந்ததும் காசு கட்டினால் சரி என்றாகிவிட்டது. பிறகு தண்டத்தை எடுத்தும் பழைய கூச்சம் திரும்பவில்லை. நீசி, ருஸ்டிச்சினி என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2000 இல் இதை எழுதினார்கள். சம்பளத்தில் தண்டம் வெட்டுவதற்குச் சட்டக் கட்டுப்பாடும் இருக்கிறது, நினைத்தபடி வெட்ட முடியாது. பிந்தி வருகிற தம்பியை ஒரு நாள் தனியாக இருத்தி, ஏன் என்று கேளுங்கள். கிண்ணியாவிலிருந்து வருகிறவருக்கு பஸ் நேரம்தான் பிரச்சினை என்றால் வேலை நேரத்தைக் கால் மணி மாற்றினால் முடிந்தது.

கேள்வி: கோயில் தொண்டு, சிரமதானம், இரத்ததானம் இவற்றுக்கும் ஆட்களை வரவழைக்கக் காசு கொடுக்கலாமா?

கூடாது. சாப்பாடு, தண்ணீர், போக்குவரத்து கொடுங்கள், அது மரியாதை. காசு கொடுத்த நிமிஷத்தில் தொண்டு கூலியாகிவிடும், அதுவும் குறைந்த கூலியாக. இரத்தத்துக்கு விலை வைத்தால் கொடுக்கிற மனமும் குறையும், தரமும் குறையும் என்று ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பிரித்தானிய ஆய்வாளர் 1970 இல் வாதாடினார், அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி விவாதம் நடக்கிறது. நம் நாட்டு இரத்த வங்கி காசு வாங்காத கொடையாளர்களை நம்பித்தான் நடக்கிறது. போயா தினத்திலும் நினைவு நாட்களிலும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வரிசையில் நின்று கொடுக்கிறார்கள். அந்த வரிசைக்கு ஒரு விலைப் பலகை வைக்க எனக்கு மனம் வராது.

கேள்வி: கொடுக்கிற இன்சென்டிவுக்கு ஈ.பீ.எப். (ஊழியர் சேமலாப நிதி) கட்ட வேண்டுமா?

பெயரை வைத்து முடிவாகாது, என்ன கொடுப்பனவு என்பதைப் பொறுத்தது. கொமிசனும், செய்த எண்ணிக்கைக்குக் கொடுக்கிற கூலியும் சம்பாத்தியத்தில் சேரும். ஓவர்டைம் சேராது. சேருகிற தொகைக்கு முதலாளி 12, ஊழியர் 8 சதவீதம் சேமலாப நிதிக்கும், முதலாளி 3 சதவீதம் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் கட்ட வேண்டும். கொமிசனுக்கு இன்சென்டிவ் என்று பேர் மாற்றி எழுதித் தப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தொழில் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: இலஞ்சத்துக்கும் இதற்கும் எங்கே கோடு?

தன் கடமையை யாருக்குச் செய்ய வேண்டுமோ அவருக்குத் தெரியாமல் வேறு ஒருவர் கொடுப்பது இலஞ்சம். உங்கள் ஊழியருக்கு நீங்கள் வெளிப்படையாகக் கொடுப்பது ஊக்குவிப்பு. உங்கள் கொள்வனவுப் பொறுப்பாளருக்குச் சாமான் விற்கிற கொம்பனி ஒளித்துக் கொடுக்கிற போன் இலஞ்சம். 2023 ஊழல் எதிர்ப்புச் சட்டத்துக்குப் பிறகு தனியார் துறைக்குள் நடப்பதும் குற்றம்.

கேள்வி: ஒருமுறை கொடுக்கத் தொடங்கினால் நிறுத்த முடியாது என்கிறார்களே?

முடிவுத் திகதி சொல்லாமல் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம்தான். மூன்றாம் மாதமே அது சம்பளத்தின் பகுதியாகிவிடும், வீட்டில் அதை நம்பிச் சீட்டுக் கட்டியிருப்பார்கள், தவணைக்கு ஃபிரிஜ் எடுத்திருப்பார்கள். அதனால் தொடங்கும்போதே "மே முதலாம் திகதியிலிருந்து செப்டெம்பர் 30 வரை" என்று எழுதுங்கள். இடையில் விதியை மாற்றாதீர்கள், முக்கியமாக ஆட்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடச் சம்பாதிக்கிறார்கள் என்பதற்காக இலக்கை உயர்த்தாதீர்கள். அப்படி ஒருமுறை செய்துவிட்டால் அடுத்த முறை யாரும் முழு வேகத்தில் ஓட மாட்டார்கள், கூட ஓடினால் கோடு தள்ளிப்போகும் என்று தெரிந்துவிடும். செப்டெம்பர் முடிந்து தொடர முடியாவிட்டால் கணக்குப் புத்தகத்தை விரித்து, இந்த வருஷம் இவ்வளவு வந்தது, இவ்வளவு போனது என்று காட்டி, வாக்குக் கொடுத்த கடைசி ரூபாயையும் அன்றைக்கே கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.